பிராங்க்ளின் ஆறாத் துயரோடு எழுதியது

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். அவளுக்கு லேசான சளி. வாட்ஸ்அப்பில் வருவதைப் படித்துவிட்டு மாமியார் பயப்படுகிறார். ஊசியால் ஏதாவது ஆகிவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போடலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள், சகோதரி. நீங்கள் எழுதிய அதே வார்த்தைக்கு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில் பதில் சொல்லியிருக்கிறார்.

மின்னலையும் பட்டத்தையும் வைத்து அவரை நமக்குத் தெரியும். அவருடைய மகன் பிரான்சிஸைப் பலருக்குத் தெரியாது. 1736 நவம்பரில், நான்கு வயதில், பிலடெல்பியாவில் பெரியம்மையால் இறந்தான். அன்று தடுப்பூசி இல்லை. நோயாளியின் கொப்புளச் சீழைக் கீறலில் தடவும் 'அம்மை குத்துதல்' மட்டுமே இருந்தது. அதிலும் ஆபத்து உண்டு. ஆனால் 1721இல் பாஸ்டனில் கொள்ளைநோய் பரவியபோது, அம்மை கண்டவர்கள் ஏறக்குறைய 6,000 பேரில் 844 பேர் மாண்டார்கள். குத்திக்கொண்ட சுமார் 240 பேரில் இறந்தது ஆறு பேர். அப்போது பிராங்க்ளின் அங்கே அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகிய சிறுவன். அண்ணனின் பத்திரிகை அம்மை குத்துவதைக் கடுமையாக எதிர்த்தது. தம்பியோ பிற்காலத்தில் அதை ஆதரித்தார்.

அப்படிப்பட்டவரே தன் பிள்ளைக்குக் குத்தவில்லை. பையனுக்கு வயிற்றுப்போக்கு, தேறட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் அம்மை வந்துவிட்டது. குத்தியதால்தான் பிள்ளை செத்தான் என்று ஊரில் வதந்தி கிளம்பவே, அது உண்மையில்லை என்று தன் பத்திரிகையிலேயே அறிவிக்க வேண்டியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் அதையும் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. 36 ஆண்டுகள் கழித்து, 1772இல் தங்கைக்கு எழுதிய கடிதத்திலும், அவனை நினைத்தால் இன்றும் பெருமூச்சு வருகிறது என்கிறார்.

பிள்ளைக்கு ஏதாவது ஆனால் தங்களை மன்னிக்க முடியாது என்று அஞ்சும் பெற்றோருக்காகவே சுயசரிதையில் இதைச் சொல்வதாக எழுதுகிறார்: குத்தினாலும் குத்தாவிட்டாலும் வருத்தம் ஒன்றுதான், ஆகவே ஆபத்துக் குறைந்த வழியைத் தேர்ந்தெடுங்கள்.

அவர் காலத்து முறையைவிட இன்றைய தடுப்பூசி எத்தனையோ மடங்கு பாதுகாப்பானது. தட்டம்மை நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம், உயிரையும் பறிக்கலாம். லேசான சளி ஊசிக்குத் தடையில்லை. கடும் காய்ச்சலோ, முன்பு ஏதேனும் ஊசிக்கு ஒவ்வாமையோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள். அவருடைய சந்தேகங்களை அவரே கேட்கட்டும். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். அட்டையில் தேதியைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.