கன்னி நாய்க்குட்டிக்கு விலா தெரிகிறது, சதை பிடிக்க என்ன கொடுக்கலாம்?

கேள்வி: நான்கு மாதக் கன்னி இன வேட்டைநாய்க் குட்டி வாங்கியிருக்கிறேன். பாலும் சோறும் கொடுத்தும் விலா எலும்பு தெரிகிறது. சதை பிடிக்கும் பொடியும் கால்சியம் சிரப்பும் தினமும் கொடுக்கச் சொல்கிறார் விற்றவர். காதில் உண்ணி பிடுங்கப் பிடுங்க வருகிறது. பயற்று வயலில் முயல் தொல்லை. குட்டியை எப்போது ஓடவிடலாம்?
– தோவாளை வட்ட விவசாயி

பதில்: கன்னிக்கு விலா தெரியத்தான் செய்யும். முதுகுத்தண்டும் இடுப்பெலும்பும் துருத்தி நின்றால்தான் அது மெலிவு. பொடியை நிறுத்துங்கள். குட்டியை விற்றவரே மருந்தும் சொன்னால் அது வியாபாரம், வைத்தியம் அல்ல. வளரும் குட்டிக்குக் கால்சியத்தை அளவில்லாமல் ஊற்றினால் எலும்பு கோணும். பாலைக் குறைத்து, மூன்று வேளைச் சோற்றோடு வேகவைத்த முட்டை, உப்பில்லாமல் முழுதாக அவித்த நெத்திலி சேருங்கள். கருவாடு கூடாது. ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, எடை பார்த்துக் குடற்புழு மருந்து.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது உண்ணியைப் பற்றி. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, காய்ச்சல், மூக்கில் ரத்தம், சிறுநீர் கருஞ்சிவப்பு என்றாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நாய் உண்ணி குஞ்சு, இளம்பருவம், முழு உண்ணி என மூன்று பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கும். பெண் உண்ணி சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் கழுவிப் பயனில்லாதது அதனால்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு, ஈரப்பதம் குறைவதே இல்லை. கொட்டில் வெடிப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள். படுக்கைச் சாக்கை எரித்துவிட்டு, தரையிலிருந்து ஓரடி உயரப் பலகை போடுங்கள். கொட்டிலுக்கான உண்ணி மருந்தை லேபிள் அளவில் கலந்து, கூரைச் சந்துவரை தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். அப்போது குட்டி வெளியே இருக்கட்டும். காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். உடம்புக்கு மருத்துவர் எடை பார்த்துத் தரும் மாத்திரை போதும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய் மேல் ஊற்றச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். கன்னிக்குத் தோல் மெல்லிசு, கொழுப்பும் குறைவு. விஷம் சீக்கிரம் ஏறும்.

முயல் விஷயம்: 1972 வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நாயை விட்டுத் துரத்துவதும், அதற்கு முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். பயற்றுக்கு மூன்றடி உயரக் கோழிவலை கட்டி, அடியை மண்ணில் புதையுங்கள். குட்டியை ஒரு வயதுவரை கடும் ஓட்டம் ஓடவிடாதீர்கள். வேலிக்குள் தானாக விளையாடினால் போதும்.