வருவதெல்லாம் கோபம்தானா?

கேள்வி: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஷிப்மென்ட் நெருங்கினால் மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்பார், நான் டெய்லர்களிடம் கத்துவேன், வீட்டில் பையனிடமும் அதே கத்தல்தான். இப்போது ஃப்ளோர் இன்சார்ஜ் வேலையை எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால், 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ் வளர்த்துக்குங்க' என்கிறார் ஹெச்.ஆர். மேடம். கோபம் என் பிறவிக் குணம், என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: பிறவிக் குணமாக இருந்தால் மேனேஜரிடமும் கத்தியிருப்பீர்களே! அவர் முன்னால் குரல் தானாக இறங்குகிறது, அப்படியென்றால் அடக்கத் தெரிகிறது, ஆள் பார்த்து அடக்குகிறீர்கள். சுடும்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேடம் சொன்ன அந்த வார்த்தை, பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1990-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தது. தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் கவனித்து, இது இன்னது என்று பிரித்தறிந்து நடப்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். பிரித்தறிவது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்வுகளை, எண்ணும்போது வெகுளி என்கிற கோபத்தைத் தனியாக, அச்சத்தைத் தனியாக, இளிவரலைத் தனியாகத்தான் வைக்கிறது. இளிவரல் என்றால் சிறுமைப்பட்டுப்போன உணர்வு.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே படியுங்கள். சரக்கு நேரத்துக்குப் போகாதோ என்பது அச்சம், நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கியது இளிவரல், இரண்டும் சேர்ந்து டெய்லரிடம் போய் இறங்கும்போதுதான் அதற்குக் கோபம் என்று பெயர் வைக்கிறீர்கள், பாவம் அந்த டெய்லர் அதில் எங்கேயுமே இல்லை.

அதனால் சரிசெய்யச் சொல்லித் திரும்பி வரும் ஆல்ட்டர் பீஸ் கையில் வந்ததும் மெஷின் பக்கம் நடக்கும்போதே, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், 2007-ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், கோபமும் பயமும் தெரிகிற முகப் படங்களைக் காட்டி அந்த உணர்வுக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது, மூளையில் அபாய மணி அடிக்கிற அமிக்டலாவின் துடிப்பு குறைந்திருக்கிறது. அப்புறம் 'இந்த பண்டல்ல என்னாச்சும்மா?' என்று கேளுங்கள். தப்பு கட்டிங்கிலேயே நடந்திருக்கலாம், கத்தினால் அதை யார் வந்து சொல்வார்கள்? பையனிடம், 'அப்பாவுக்கு இன்னைக்கு வேலையில் டென்ஷன், கால்மணி நேரம் விடுடா' என்று சொன்னாலே போதும், புரிந்துகொள்வான்.

பதவி விஷயத்தில் கம்பெனி மேலும் தப்பு இருக்கிறது. வளர்த்துக்குங்க என்று மொட்டையாகச் சொன்னால் எப்படி? என்றைக்கு, யாரிடம், எப்படி நடந்துகொண்டேன் என்று மேடத்திடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எனக்குக் கோபமே வராது, ஆபீஸில் எல்லோருக்கும் நல்லவன். எனக்கு இந்த எமோஷனல் இன்டெலிஜென்ஸ் அதிகமோ?
- வாசகர், கோவை

பதில்: ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொன்னால் 'சரி சார்' என்று தலையாட்டிவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறீர்களா? அப்படியென்றால் வருகிறது, விழுங்குகிறீர்கள். அடுத்த ஞாயிறு ஒரு தடவை 'முடியாது சார்' என்று சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.