சிறுநீரகத்துக்கான வரிசையில் யார் எங்கே நிற்கிறார்கள்? – கேள்வி பதில்

உறுப்பு மாற்று சிகிச்சையில் நிலவும் ஏற்றத்தாழ்வுகள் குறித்தும், அவற்றைக் குறைக்க முயலும் ஆய்வாளர்கள் குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து கவனித்து வரும் சிறுநீரக மருத்துவர் ஒருவர் பதில் அளிக்கிறார். கேள்விகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை.

திருச்சி வாசகர்: அமெரிக்காவில் உறுப்புகளைக் கணினிதான் பங்கிடுகிறது என்கிறார்கள். அப்படியிருக்க, பாகுபாடு எங்கிருந்து வருகிறது டாக்டர்?

காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்கு மட்டுமே கணினி பங்கிடுகிறது. பெயர் ஏறுவதற்கு முன்னால் ஒரு நோயாளி கடக்க வேண்டிய படிகள் பல. டயாலிசிஸ் நிலையத்தில் யாராவது அவரிடம் மாற்று சிகிச்சை என்று ஒன்று இருப்பதைச் சொல்ல வேண்டும். மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும். இதயம், பல், புற்றுநோய் என்று வரிசையாகப் பரிசோதனைகளை முடிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் சிலர் நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றுவிடுபவர்களில் கறுப்பினத்தவரும் ஏழைகளும் அதிகம்.

ரேச்சல் பாட்சர் என்ற நோய்ப்பரவியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதைத்தான் துருவினார்கள். நாடு தழுவிய பதிவேட்டில் பட்டியலில் பெயர் ஏறிய நாள் இருந்தது. பரிந்துரைக்கப்பட்ட நாள் இல்லை. பரிந்துரையே பெறாதவர் அந்தக் கணக்கில் தென்படவே மாட்டார். எனவே ஜார்ஜியா மாநிலத்தின் மாற்று சிகிச்சை மையங்களிடமிருந்து அந்தத் தகவலைத் தாங்களே திரட்டினார்கள். பிறகு, பரிந்துரை குறைவாக இருந்த 134 டயாலிசிஸ் நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஊழியர்களுக்குப் பயிற்சியும் நோயாளிகளுக்கு விளக்கமும் அளித்தார்கள். அந்த நிலையங்களில் பரிந்துரை கூடியது. கறுப்பின நோயாளிகளுக்கும் வெள்ளையருக்கும் இடையிலிருந்த இடைவெளியும் குறைந்தது. புதிய மருந்தோ புதிய கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை.

கோவை, மருத்துவ ஆய்வக ஊழியர்: இரத்தப் பரிசோதனை அறிக்கையிலேயே இனத்தைக் கணக்கில் சேர்த்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. இந்தத் துறையில் என்னை மிகவும் வருந்தவைத்த விஷயமும் இதுதான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நேரடியாக அளப்பது சிரமம். எனவே இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவுப்பொருள்; சிறுநீரகம் கெட்டால் இது கூடும்) அளவு, வயது, பாலினம் ஆகியவற்றை ஒரு வாய்பாட்டில் இட்டு மதிப்பிடுகிறோம். 1999இல் வெளியான வாய்பாட்டில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் வரும் விடையை 1.18 ஆல் பெருக்க வேண்டும் என்று இருந்தது. 2009இல் வந்த மேம்பட்ட வாய்பாட்டில் அது 1.159 ஆனது. ஆய்வில் பங்கேற்ற கறுப்பினத்தவர்களுக்கு, அதே அளவு சிறுநீரகச் செயல்பாட்டிலும் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாக இருந்தது என்பதே காரணம். அவர்களுக்குத் தசை அதிகம் என்று அதற்கு ஒரு விளக்கமும் சொல்லப்பட்டது. அந்த விளக்கத்துக்கு உறுதியான சான்று இல்லை.

இதன் விளைவை ஒரு கணக்கில் பாருங்கள். அமெரிக்காவில் டயாலிசிஸ் தொடங்காத ஒருவர் பட்டியலில் காத்திருப்பு நாள்களைச் சேர்க்க, இந்த மதிப்பு 20 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே கிரியேட்டினின் கொண்ட இருவர் வருகிறார்கள். வெள்ளையருக்கு விடை 18. அன்றே அவர் தகுதி பெற்றுவிடுகிறார். கறுப்பினத்தவருக்கு 18ஐ 1.159 ஆல் பெருக்கினால் 20.9 வருகிறது; அவருடைய சிறுநீரகம் அவ்வளவு கெடவில்லை என்று கணக்கு சொல்வதால் அவர் இன்னும் காத்திருக்க வேண்டும். அவருடைய சிறுநீரகம் மேலும் கெட்ட பிறகுதான் அவருக்கான கடிகாரம் ஓடத் தொடங்கும். தாய் ஒரு இனம், தந்தை வேறு இனம் என்றால் எந்த எண்ணைப் போடுவது என்ற கேள்விக்கு அந்த வாய்பாட்டில் பதிலே கிடையாது.

அதே வாசகர்: எப்போது மாற்றினார்கள்? ஏற்கெனவே இழந்த காலத்துக்கு என்ன செய்தார்கள்?

மருத்துவ மாணவர்கள் தங்கள் கல்லூரிகளில் கேள்வி எழுப்பினார்கள்; சில மருத்துவமனைகள் தாங்களாகவே அந்தப் பெருக்கலைக் கைவிட்டன. அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் சிறுநீரகவியல் சங்கமும் இணைந்து ஒரு குழு அமைத்தன. நீல் பவ், சிந்தியா டெல்காடோ இருவரும் அதன் தலைவர்கள். 2021 செப்டம்பரில், இனத்தை நீக்கிய புதிய வாய்பாட்டை அக்குழு பரிந்துரைத்தது. 2022இல் நாட்டின் உறுப்புப் பங்கீட்டு அமைப்பு பழைய முறையைத் தடை செய்தது.

நான் மிகவும் மதிப்பது அதற்கு அடுத்த முடிவை. 2023 ஜனவரி முதல், ஒவ்வொரு மாற்று சிகிச்சை மையமும் தன் பட்டியலில் உள்ள கறுப்பின நோயாளிகளின் பழைய பரிசோதனை முடிவுகளைத் தேடியெடுத்து, இனம் சேர்க்காமல் கணக்கிட்டால் எந்த நாளில் தகுதி பெற்றிருப்பார்களோ அந்த நாளிலிருந்தே காத்திருப்பைத் திருத்தித் தர வேண்டும் என்று விதித்தார்கள். 2024 மார்ச் நடுப்பகுதிக்குள் 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, சராசரியாக இரண்டு ஆண்டுகள் திருப்பித் தரப்பட்டன. மருத்துவம் ஒரு தவறை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவருக்கு அதைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது அரிது.

சேலம் வாசகர்: கசப்பான கேள்விதான், மன்னிக்கவும். கிடைக்கும் சிறுநீரகங்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஒருவரை முன்னே நகர்த்தினால் இன்னொருவர் பின்னே போவாரே?

போவார். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முன்னே நகர்ந்தவர் முதலிலேயே அங்கே இருந்திருக்க வேண்டியவர். அவருடைய இடத்தில் இதுவரை வேறொருவர் இருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையைக் கூட்டும் வழியும் உண்டு: உயிருள்ள கொடையாளர்கள். அங்கேயும் இடைவெளி பெரிது. டன்ஜாலா பர்னெல் தலைமையில் 2018இல் வெளியான ஆய்வின்படி, பட்டியலில் சேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் உயிருள்ளவரிடமிருந்து சிறுநீரகம் பெற்ற வெள்ளையர்கள் 1995க்கும் 2014க்கும் இடையே 7 சதவீதத்திலிருந்து 11.4 சதவீதமாகக் கூடினார்கள், கறுப்பினத்தவர்கள் 3.4 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதமாகக் குறைந்தார்கள். இருபது ஆண்டுக்கால முன்னேற்றம் ஒரு சாராருக்கு மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கிறது. பாஸ்டனில் உளவியலாளர் ஜேம்ஸ் ரோட்ரிக், நோயாளியின் வீட்டுக்கே ஆட்களை அனுப்பி, உறவினரையும் நண்பர்களையும் கூட்டி உட்காரவைத்துப் பேசும் முறையைச் சோதித்தார். மருத்துவமனையில் நடக்கும் வகுப்பைவிட அது நல்ல பலன் தந்தது. சிகாகோவில் அறுவை மருத்துவர் ஹுவான் கார்லோஸ் கைசெடோ, ஆலோசனை முதல் தொடர் சிகிச்சை வரை எல்லாமே ஸ்பானிய மொழியில் நடக்கும் ஒரு திட்டத்தை 2006இல் தொடங்கினார். தன் உடலை அறுக்கச் சம்மதிக்கும் ஒருவரிடம் அவருடைய தாய்மொழியில் பேசுவது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் வாசகி: கறுப்பினத்தவர்கள் உறுப்புக் கொடைக்கு முன்வருவதில்லை என்பதும் ஒரு காரணம்தானே?

ஒரு காலத்தில் அப்படிச் சொல்லி அத்துடன் விட்டுவிட்டார்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் கிளைவ் காலண்டர் ஏன் என்று கேட்டார். வாஷிங்டனில் கறுப்பின மக்களோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினார். விவரம் தெரியாமை, மத நம்பிக்கை, மருத்துவர்கள் மீது நம்பிக்கையின்மை, கொடை அட்டையில் கையெழுத்திட்டால் உயிரைக் காப்பாற்ற முயலமாட்டார்கள் என்ற பயம், இனவெறி ஆகியவற்றை அவர்கள் சொன்னார்கள். 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த அரசு ஆய்வை அறிந்தவர்கள் அந்தப் பயத்தைப் பழிக்கமாட்டார்கள். 1991இல் காலண்டர் சிறுபான்மையினருக்கான உறுப்புக் கொடை விழிப்புணர்வுத் திட்டத்தை நாடு முழுவதும் தொடங்கினார். அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களே பேசினார்கள்.

புதுச்சேரி வாசகி: பெண்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா அம்மா?

கல்லீரலில் உண்டு. யாருக்கு முதலில் என்பதை நோயின் தீவிர மதிப்பெண் தீர்மானிக்கிறது. அதிலும் கிரியேட்டினின் ஓர் அங்கம். பெண்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு என்பதால், சிறுநீரகம் கெட்டிருந்தாலும் கிரியேட்டினின் அவ்வளவாக ஏறாது. நோய் முற்றிய பெண்ணின் மதிப்பெண் அதனால் குறைவாகவே தெரிந்தது. 2023 ஜூலையில் வந்த புதிய கணக்கில் பெண்களுக்கு 1.33 புள்ளிகள் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன.

முன்னர் இனத்தை நீக்கினார்கள், இங்கே பாலினத்தைச் சேர்க்கிறார்களே என்று அடுத்து யாரேனும் கேட்கக்கூடும். ஓர் எண் யாரைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதைத் தரவுகளோடு பார்த்தே இரண்டு முடிவுகளையும் எடுத்தார்கள்.

லண்டன் வாசகர்: என் இரத்தப் பிரிவு பி. நீண்ட நாள் காத்திருக்க நேரும் என்கிறார்கள். ஏன்?

தெற்காசியர்களிடையே பி பிரிவு மிகவும் பரவலானது. பிரிட்டனின் வெள்ளையரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் அது இருக்கிறது. கொடையாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதால் நம்மவர்களுக்குப் பொருத்தம் கிடைக்கத் தாமதமாகிறது. உங்கள் குடும்பத்தில் யாராவது கொடுக்க முன்வந்து பிரிவு பொருந்தாவிட்டால், ஜோடி மாற்றுத் திட்டம் (பொருந்தாத இரு ஜோடிகள் தங்கள் கொடையாளர்களை மாற்றிக்கொள்ளும் முறை) பற்றி உங்கள் மையத்தில் கேளுங்கள். உறுப்புக் கொடை பற்றிய உங்கள் விருப்பத்தையும் வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். அங்கே சட்டம் எப்படி இருந்தாலும் கடைசியில் குடும்பத்திடம் பேசிவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

மதுரை வாசகி: நம் ஊரில் நிலைமை என்ன? என் சித்தி தன் கணவருக்குச் சிறுநீரகம் கொடுத்தார். எதிர்மாறாக நடந்ததாக நான் கேள்விப்படவே இல்லை.

உங்கள் சித்தியின் கதைதான் இந்தியாவின் புள்ளிவிவரமும். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் உறுப்பு பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் ஆண்கள். உயிருடன் இருக்கும்போதே கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண்ணுக்கு நோய் வந்தால் வீட்டில் யாரும் முன்வராத நிலையில், மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புதான் அவளுக்கு வழி. தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய அரசுத் திட்டமும், மாற்று சிகிச்சைக்கு உதவும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் அந்த வகையில் பெரிய ஆறுதல். மத்திய உறுப்பு மாற்று அமைப்பு 2025இல், பட்டியலில் உள்ள பெண்களுக்கு முன்னுரிமை தருமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன்.

சென்னை, புள்ளியியல் மாணவர்: இத்துறையில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம் அம்மா?

ஒரு டயாலிசிஸ் நிலையத்திலிருந்து. நெறிக்குழுவின் அனுமதியும் நோயாளிகளின் சம்மதமும் பெற்று, ஒவ்வொருவருக்கும் நான்கு நாள்களைக் குறித்துவையுங்கள்: டயாலிசிஸ் தொடங்கிய நாள், மாற்று சிகிச்சை பற்றி முதன்முதலில் ஒருவர் சொன்ன நாள், பரிந்துரைக்கப்பட்ட நாள், பட்டியலில் பெயர் ஏறிய நாள். உடன் ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வருமானம், எவ்வளவு படிப்பு என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது நாள் வெற்றிடமாகவே இருப்பவர்கள் யார் என்று முதலில் பாருங்கள்.