ரீச்சரிடம் கேட்டவை: தை மாதத்தைத் தாண்டும் தோட்டம்

கொழும்பில் எங்கள் நாட்டுச் செடிகளைக் குறைந்த தண்ணீரில் வளர்க்கும் எங்கள் உள்ளூர்ச் செடிச் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் நேரம் போதாமல் பல கேள்விகள் மிஞ்சிவிட்டன. துண்டுத் தாளில் எழுதித் தந்தவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ரீச்சர், கொழும்பில் இவ்வளவு மழை பெய்கிறது. தண்ணீரைச் சிக்கனம் பிடிக்கும் தோட்டம் எங்களுக்கு எதற்கு? (தெஹிவளை)

வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் பெய்கிறது, உண்மைதான். ஆனால் அது மே மாதத்தை ஒட்டி ஒரு தடவையும், ஒக்டோபர், நவம்பரில் இன்னொரு தடவையும் கொட்டிவிட்டுப் போகிறது. தையும் மாசியும் வந்தால் குழாயைத் திறந்துதான் செடியைக் காப்பாற்றுகிறோம். அந்தக் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தளையில் களனி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. வெயில் மாதங்களில் ஆற்றின் ஓட்டம் குறைந்தால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வரும். குடிநீருக்கே சிரமமான அந்த இரண்டு மாதத்தில்தான் நாங்களும் புல்லுக்கு ஹோஸ் பிடிக்கிறோம். கார்த்திகை மழையைத் தை, மாசி வரைக்கும் மண்ணுக்குள் எப்படி வைத்திருப்பது என்பதுதான் எங்கள் சங்கத்தின் முழு வேலையும்.

தொடர்மாடியில் ஐந்தாம் மாடி, பல்கனி கடலைப் பார்த்தது. காலையில் ஊற்றினால் பின்னேரம் சாடி காய்ந்துவிடுகிறது. இலை ஓரமெல்லாம் கருகுது. என்ன செய்ய, சொல்லுங்கோ. (வெள்ளவத்தை)

பிள்ளை, இலை ஓரம் கருகுவது பெரும்பாலும் உப்புக் காற்றால். அதற்குத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் வேர் அழுகும். கிழமைக்கு ஒரு தடவை இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், போதும்.

சாடி காய்வது வேறு கதை. மண் சாடி பக்கவாட்டிலும் ஈரத்தை விடும், காற்று அதை உறிஞ்சிக்கொண்டு போகும். செடியைப் பிளாஸ்டிக் சாடியில் வைத்து, அதை ஒரு பெரிய மண் சாடிக்குள் இறக்கி, இடைவெளியில் தேங்காய்த் தும்புத்தூள் அடையுங்கள். சாடிகளை நெருக்கமாகக் கூட்டி வையுங்கள். மேல்மண்ணை இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலையாலோ தும்பாலோ மூடுங்கள்.

அப்புறம், தயிர் வாங்கும் மண் சட்டி. கொழும்பில் எந்த வீட்டிலும் நாலைந்து வெறுஞ் சட்டி கிடக்கும். சுடுநீரால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வையுங்கள். காலையில் வெளிப்புறம் ஈரமாக வியர்த்திருந்தால் அது உங்களுக்கு உதவும். பெரிய தொட்டியின் நடுவே விளிம்பு வரைக்கும் புதைத்து, தண்ணீர் ஊற்றி, ஓட்டுத் துண்டால் இறுக்கமாக மூடிவிடுங்கள். மண் காயக் காயச் சட்டி தானாகக் கசியும். வேர்கள் அதைச் சுற்றிப் பின்னிக்கொள்வதைச் சாடி மாற்றும்போது பார்ப்பீர்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது சந்தோஷம்தான்.

செடி என்றால் முதலில் மருள். கடையில் விற்கும் வெளிநாட்டுப் பாம்புச் செடியின் இலங்கைச் சொந்தம் அது. முன்னொரு காலத்தில் வில்லுக்கு நாண் திரித்த நார் அதன் இலையில் இருக்கிறது. வெட்சி வெயிலையும் காற்றையும் தாங்கும், தேன்சிட்டும் வரும். காலை வெயில் மட்டும் விழும் மூலையில் கனகாம்பரம் வையுங்கள். அடம்பன் கொடியை அகலத் தொட்டியில் மணல் கலந்து விட்டால் பல்கனிக் கம்பியைத் தாண்டித் தொங்கும். அது கடற்கரையிலேயே பிறந்த கொடி, உப்பு அதற்குப் பொருட்டல்ல. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடிக்கும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

மழைத் தண்ணீர் பிடிக்கப் பீப்பா வைக்க ஆசை. டெங்கு நுளம்பு இருக்கிறதா என்று வீட்டைப் பரிசோதிக்க வருகிறவர்களை நினைத்தால் பயம். (கொட்டாஞ்சேனை)

பயம் நியாயமானது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். பீப்பாவின் வாயையும் கூரைப் பீலியிலிருந்து வரும் குழாயின் வாயையும் நுளம்பு வலையால் இழுத்துக் கட்டுங்கள், கீழே ஒரு திருகு பைப் பூட்டுங்கள். பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் நின்றால் அங்கேயும் நுளம்பு வரும், அதையும் பாருங்கள். பீப்பா வெறுமையானதும் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாடிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை எடுத்தே விடுங்கள்.

பத்தடிக்குப் பத்தடித் தகரக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 90 லீற்றருக்கு மேல் வரும். ஒரு பின்னேர மழைக்கே பீப்பா பாதி நிரம்பிவிடும்.

முன்வளவில் மலேசியன் புல். அதைப் பிடுங்கிவிட்டுக் கூழாங்கல்லும் கள்ளியும் போடலாம், தண்ணீரே வேண்டாம் என்கிறார் இவர். (நுகேகொடை)

வேண்டாம் என்றே சொல்வேன். கல் வெயிலைக் குடித்து இரவு வரைக்கும் வீட்டுக்குச் சூடு தரும். கள்ளி வைகாசி மழையில் அழுகும். அது பாலைவனத்துக்குப் பொருந்தும் யோசனை. புல்லைப் பிள்ளைகள் விளையாடும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச இடத்தில் வெட்சி, ஆடாதோடை என்று புதர்களை நெருக்கி நடுங்கள், இடையில் தேங்காய்ப்பூக் கீரையைப் பரவ விடுங்கள். தையில் புல் பழுத்தால் பழுக்கட்டும். வேர் சாகாது, மழைக்குத் திரும்பப் பச்சை பிடிக்கும்.

உள்ளூர் மரத்துக்குத் தண்ணீர் தேவையில்லை என்றார்கள். நாகமரம் நட்டேன், மாசியில் பட்டுப்போச்சு. (வத்தளை)

தம்பி, இந்தக் கேள்விக்காகவே பேனாவை எடுத்தேன். ‘உள்ளூர்’ என்று சொல்லும்போது நாங்கள் கவனமாகச் சொல்லவில்லை, பிழை எங்களுடையது. நாகமரம் எங்கள் தேசிய மரம்தான். ஆனால் ஈரவலயத்துத் தாழ்நிலக் காட்டில் பெரிய மரங்களின் நிழலில் கன்றாக வளர்ந்து பழகியது. அதைக் கொதிக்கும் வெயிலில், கட்டட இடிபாடு போட்டு நிரப்பிய மண்ணில் தனியாக நிறுத்தினால் என்ன செய்யும்? எந்த மரமானாலும் முதல் வருடம் தண்ணீர் வேண்டும். தினமும் ஒரு கோப்பை தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். நாலு நாளுக்கு ஒரு தடவை ஒரு வாளி நிறைய, மெதுவாக இறங்க விடுங்கள். வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும்.

வத்தளையில் கடலுக்குக் கிட்ட என்றால் பூவரசு நடுங்கள், அல்லது இடம் இருந்தால் புன்னை. யாழ்ப்பாணத்து வேலியில் பூவரசங் கதியால் ஊன்றியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, தடியை நட்டாலே துளிர்க்கும். செவ்வரத்தையின் சொந்தக்காரர் அது. பூ காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் சிவந்துபோகும்.

குழியைத் தென்னந்தோட்டக்காரர் செய்வதுபோலச் செய்யுங்கள். கன்றிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு குழி வெட்டி, தேங்காய்ப் பொச்சு மட்டைகளை உட்குழிவு மேலே பார்க்க அடுக்கி, இடையிடையே மண் போட்டு மூடுங்கள். மழைத் தண்ணீரைப் பொச்சு பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய்க் கடையில் கேட்டால் பொச்சு சும்மா தருவார்கள். ஒக்டோபர் மழை தொடங்கும் கிழமையில் நடுங்கள். மாசிக்கு முன் மூன்று மாதம் வேர் ஓடியிருக்கும்.

அரிசி கழுவிய தண்ணீர், உடுப்புக் கழுவும் மெஷின் தண்ணீர் ஊற்றலாமா? (பம்பலப்பிட்டி)

அரிசி, மரக்கறி கழுவியது தாராளமாக. உப்புப் போட்டு மீன் கழுவியது கூடாது. மெஷினில் கடைசியாக அலசிய தண்ணீரை மரத்துக்கு விடலாம், கீரைக்கு வேண்டாம்.

போகன்விலா, நித்தியகல்யாணி எல்லாம் வெளிநாடு என்றீர்கள். பிடுங்க வேண்டுமா? (கல்கிசை)

ஐயோ, வேண்டாம். அவை சொற்பத் தண்ணீரில் வாழ்ந்து, யாருக்கும் தொல்லை தராமல் இருக்கின்றன. வெடேலியா என்று விற்கும் மஞ்சள் பூப் படர்கொடியைத்தான் தயவுசெய்து வாங்காதீர்கள். வேலி தாண்டினால் வாய்க்கால் கரையெல்லாம் அதுதான் நிற்கும், வேறொன்றையும் வளர விடாது.

இந்தச் செடிகளை எங்கே வாங்குவது? நேர்சரியில் தமிழ்ப் பெயர் சொன்னால் விளங்கவில்லை. (தெமட்டகொடை)

பத்தரமுல்லையில் தியத்த உயனவில் செடிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சிங்களப் பெயரை எழுதிக்கொண்டு போங்கள்: வெட்சி என்றால் ரத்மல், பூவரசு சூரிய, புன்னை தொம்ப, மருள் நியந்த, தேங்காய்ப்பூக் கீரை பொல்பலா. காட்டிலோ கடற்கரையிலோ கிண்டி எடுக்காதீர்கள். அடம்பன் என் வளவிலேயே நிறைய இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு ஈரத் துணி கொண்டு வாருங்கள், ஆளுக்கு இரண்டு தண்டு சுற்றித் தருகிறேன்.