குதிரை ஆராய்ச்சிக்குப் போகும் மகளுக்காக மனையை விற்கலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கூலிக்குக் கொலுசு செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 54. மாதம் சராசரியாக 55,000 ரூபாய் கிடைக்கும். மூத்த மகள் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் முடித்துவிட்டாள். கிளினிக் வைப்பதில் அவளுக்கு விருப்பமில்லை. விலங்கு உடலியல் படித்து, குதிரைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து, பேராசிரியராக வேண்டும் என்கிறாள். இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலைக்கு எல்லாம் சேர்த்து 32 லட்சம் ஆகுமாம். அயோத்தியாப்பட்டணத்தில் 2009-ல் 4 லட்சத்துக்கு வாங்கிய மனை இப்போது 35 லட்சம் போகும். வங்கியில் 8 லட்சம் டெபாசிட் இருக்கிறது. மகன் பதினொன்றாம் வகுப்பு. மனையை விற்பதா, கல்விக் கடன் வாங்குவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். மகளின் ஆசைக்கு நான் குறுக்கே நிற்பதாக நினைக்காதீர்கள். அந்த ஆசை நிறைவேறவே 32 லட்சத்தை இப்போது கொட்ட வேண்டாம் என்கிறேன்.

முதலில் மனை. 31 லட்சம் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி, அதன் மேல் செஸ் என்று சுமார் 4 லட்சம் போய்விடும். கையில் நிற்பது 31 லட்சம். அது படிப்புக்கே போதாது, மகனின் கல்லூரிச் செலவுக்கும் ஒன்றும் மிஞ்சாது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் பட்டறை எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் உங்களுக்குத் தைரியம் கொடுப்பது இந்த மனைதான்.

சரி, கடன்? 32 லட்சத்தை 11 சதவீத வட்டியில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டில் அசல் 39 லட்சமாகிவிடும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் கிட்டத்தட்ட 53,800 ரூபாய் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் மகள் எங்கே இருப்பாள்? பேராசிரியராக முனைவர் பட்டம் வேண்டும். அப்போதுதான் அதைத் தொடங்கியிருப்பாள். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான மத்திய அரசின் ஜேஆர்எஃப் உதவித்தொகையே மாதம் 37,000 ரூபாய்தான், வீட்டு வாடகைப்படி தனி. மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000. முழுத் தொகையையும் வங்கிக்குக் கொடுத்தாலும் தவணைக்குப் பற்றாது. மீதியை நீங்கள் 57, 58 வயதில் பட்டறையிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் மகளிடம் கேளுங்கள். அந்த ஓராண்டு முதுகலையை வைத்து இங்கிலாந்தில் கால்நடை மருத்துவராகத் தொழில் செய்ய முடியாது. அதற்குத் தனித் தேர்வு எழுத வேண்டும். ஆகவே "அங்கேயே சம்பாதித்து அடைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அப்புறம் என்னதான் செய்வது? ஆராய்ச்சிப் பாதையில் முனைவர் பட்டம் என்பது நாம் காசு கொடுத்து வாங்குவது அல்ல, நமக்குக் காசு கொடுத்துச் செய்யச் சொல்வது. அமெரிக்காவில் கால்நடை அறிவியல் துறைகளில் பெரும்பாலும் ஆராய்ச்சி உதவியாளராக எடுத்துக்கொண்டு, கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதத் தொகையும் தருவார்கள். குதிரைக்கென்றே ஆராய்ச்சி மையம் வைத்திருக்கும் கென்டக்கி பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு அப்படித்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் ஹரியானா ஹிசாரில் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் 1985 முதல் இருக்கிறது. இந்தக் கதவுகள் எல்லாவற்றுக்கும் முதல் சாவி, நம் பல்கலைக்கழகத்தில் உடலியலில் இரண்டு ஆண்டு எம்.வி.எஸ்சி., அதாவது கால்நடை அறிவியல் முதுகலை. நாமக்கல் அவளுக்குப் பழகிய இடம். நுழைவுத் தேர்வுக்கு இன்றே படிக்க உட்காரச் சொல்லுங்கள்.

பட்டம் உடலியலில், ஆய்வு குதிரையில் என்று இருக்கட்டும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரைகள் சுமார் 3.4 லட்சம்தான், அதற்கு முந்தைய 2012 கணக்கைவிட 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. குதிரைக்கென்று தனி வேலை இங்கே சொற்பம். ஆனால் உடலியல் பாடம் இல்லாத கால்நடைக் கல்லூரியே கிடையாது. உங்கள் மாவட்டத்துத் தலைவாசல் உட்படத் தமிழ்நாட்டில் ஏழு அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, படிகள் தனி.

குதிரை குறைந்துவிட்டதே, ஆராய்ச்சி எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று சொல்லுங்கள். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறை துடிக்கும் அதன் இதயம், முழு வேகத்தில் ஓடும்போது 220-ஐத் தாண்டும். மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். இப்படிப்பட்ட உடம்பைப் புரிந்துகொள்ள ஒரு பெண் ஆசைப்படுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கிளினிக் எங்கும் ஓடிவிடாது. கால்நடை மருத்துவர் பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தால் பின்னால்கூட வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த 8 லட்சம். எம்.வி.எஸ்சி. முடியும்வரை விடுதி, சாப்பாடு, ஆய்வுச் செலவு என்று மாதம் 15,000 வீதம் 3.6 லட்சம் ஒதுக்குங்கள். மொழித் தேர்வு, விண்ணப்பக் கட்டணம், விசா, விமான டிக்கெட், போய் இறங்கும் முதல் மாதச் செலவு ஆகியவற்றுக்கு 2.4 லட்சம். மீதி 2 லட்சத்தை அவசரத்துக்கு விட்டுவிடுங்கள், யார் கேட்டாலும் தொடாதீர்கள். வெளிநாட்டுச் செலவு கொஞ்சம் கூடினாலும் சிறிய கடன் போதும். மகனின் படிப்புக்கு மனை அப்படியே நிற்கிறது.

உங்களுக்கும் மனைவிக்கும் மருத்துவக் காப்பீடு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. மகளின் விண்ணப்பத்துக்கு முன்னால் அதை எடுங்கள். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.