முன் எக்ஸல் பாரம்: மலைநாட்டு லொறிக்காரங்க கேட்ட கேள்விகளும் பதிலும்

லொறி பாரம்னு பேச்சு வந்தா எல்லாரும் மொத்தம் எத்தனை டொன்னுன்னுதான் கேக்குறாங்க, முன் எக்ஸல்ல (முன் சில்லு ரெண்டையும் தாங்குற அச்சுல) எவ்வளவு நிக்குதுன்னு கேக்குற ஆள் ரொம்பக் குறைவு. மொத்தம் சரியா இருந்தும் முன்னுக்கு ஓவரா இருக்கலாம், அது ரோட்டுல எங்கே காட்டும்னா ஒரு முடக்குல, மழையில, எறக்கத்துலதான் காட்டும். வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததை சேர்த்து பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி (கந்தப்பளை): அண்ணே, நம்ம லொறி இந்தியாவுல செஞ்ச 16 டொன் வண்டி. வண்டி எடையும் சேர்த்து மொத்தம் 15 டொன்னுக்கு மேல ஏத்துறதே இல்ல. ஆனா உரம் ஏத்தினா மட்டும் ஸ்டீரிங் இறுகுது, முன் டயர் ரெண்டும் தோள்பட்டை தேயுது. மரக்கறி ஏத்தினா ஒண்ணும் இல்ல. ஏன்?

காரணம் உங்க கேள்விக்குள்ளேயே இருக்கு தம்பி. மரக்கறி ஏத்தினா லொறி பொடி (சாமான் ஏத்துற பெட்டி) முழுக்க நிறையும், உரம் ஏத்தினா நிறையாது. 50 கிலோ மூட்டை 180 ஏத்தினா 9 டொன் வந்துரும், ஆனா பொடியில பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் இடம் புடிக்கும், ஏத்துறவங்க கெபின் பக்கத்து பலகையில இருந்து அடுக்கிட்டு வருவாங்க, பின்னுக்கு காலியா கிடக்கும், படங்கு போட்டு கட்டிட்டு கிளம்பிருவீங்க.

இப்ப கணக்கு பாருங்க. உங்க மாதிரி பழைய இந்திய 16 டொன் வண்டிக்கு முன் எக்ஸல் தாங்குற அளவு 6 டொன், பின் எக்ஸல் 10.2 டொன், கூட்டினா 16.2. வெறும் வண்டி 6 டொன், அதுல முன்னுக்கு 3.1 பின்னுக்கு 2.9ன்னு வச்சுக்குவோம். ரெண்டு எக்ஸலுக்கும் நடுவுல 4.2 மீட்டர், பொடி 5 மீட்டர் நீளம், முன் எக்ஸலுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால இருந்து ஆரம்பிக்குதுன்னு வச்சுக்குவோம்.

சாமானோட நடு மையம் பின் எக்ஸல்ல இருந்து எத்தனை மீட்டர் முன்னுக்கு இருக்குன்னு பாத்து, அதை சாமான் எடையால பெருக்கி, 4.2ஆல வகுத்தா முன்னுக்குப் போற பங்கு வந்துரும். 9 டொன்னை பொடி முழுக்க சமமா பரப்பினா நடு மையம் பின் எக்ஸலுக்கு 1 மீட்டர் முன்னால வரும், முன்னுக்கு 2.14 டொன் போகும், வெறும் வண்டியோட 3.1ஐயும் சேர்த்தா 5.24. நல்லா இருக்கு. அதே 9 டொன்னை முன் பலகையில இருந்து மூன்றரை மீட்டருக்குள்ள அடுக்கினா மையம் 1.75 மீட்டர் முன்னால போயிரும், முன்னுக்கு 3.75 டொன், மொத்தம் 6.85. அதாவது 850 கிலோ ஓவர்! பின் எக்ஸல் 8.15ல சும்மா நிக்குது, தராசு சீட்டுல மொத்தம் 15ன்னு அழகா வருது, யாருக்கும் தெரியாது. 9 டொன்னை ஒரு சாண் முன்னுக்கு தள்ளினாலே முன் எக்ஸல்ல கிட்டத்தட்ட அரை டொன் கூடும்.

அதுக்காக எல்லாத்தையும் பின் கதவு பக்கம் தள்ளிராதீங்க, அப்புறம் பின் எக்ஸல் 11 டொன்னைத் தாண்டிரும், முன்னுக்கு பிடிமானம் போயிரும். இந்த வண்டியில இந்த 9 டொன்னுக்கு மையம் பின் எக்ஸல்ல இருந்து 80 சென்டிமீட்டருக்கும் 1.35 மீட்டருக்கும் நடுவுல விழணும். மூட்டையை உயரமா அடுக்காம பொடி முழுக்க ஒரே மட்டமா பரப்பினாலே அதுக்குள்ள வந்துரும், உயரமும் குறையும், அது முடக்குல இன்னொரு நன்மை.

கேள்வி (ஹட்டன்): முன் எக்ஸலை மட்டும் எப்படி நிறுக்கிறது? இங்க தராசுல முழு வண்டியைத்தான் ஏத்துறாங்க.

அதே தராசுல செய்யலாம். முதல்ல முன் சில்லு ரெண்டும் மட்டும் தட்டுல ஏறுற மாதிரி நிப்பாட்டுங்க, பின் சில்லு வெளிய தரையில. கியரை நியூட்ரல்ல போட்டு, சில்லுக்கு கட்டை வச்சு, பிரேக் எல்லாத்தையும் விட்டுட்டு எடையை எழுதிக்கங்க, பிரேக் பிடிச்சபடி நின்னா வண்டி தட்டை இழுத்துக்கிட்டு நிக்கும், எடை பொய் சொல்லும். பிறகு முழு வண்டி, பிறகு பின் சில்லு மட்டும். முன்னும் பின்னும் கூட்டினா முழு எடைக்கு கிட்ட வரணும், பெரிய வித்தியாசம் வந்தா தட்டுக்கு வெளிய தரை மட்டமா இல்லைன்னு அர்த்தம். நம்ம பக்கம் நிறைய தராசுக்கு ஏறுற வழியே சரிவுதான், அதனால இந்தக் கூட்டல் பாக்காம விடாதீங்க. டேங்க் டீசலையும் பாத்துக்கங்க, ஒரு லீட்டர் டீசல் ஏறக்குறைய 840 கிராம், முன்னுக்கு கிட்ட டேங்க் இருக்கிற வண்டியில 300 லீட்டர்னா கால் டொன்.

கேள்வி (ஹப்புத்தளை): பெரகலை பக்கம் எறங்கும்போது எக்ஸோஸ்ட் பிரேக்லதான் (எஞ்சின் புகையை அடைச்சு வேகத்தைக் குறைக்கிறது) வர்றேன், கால் பிரேக்கை தொடுறதே குறைவு. அப்ப முன்னுக்கு பாரம் சாயாதுதானே?

சாயும். பிரேக்கைத் தொட்டாலும் தொடாட்டியும் எறக்கத்துல வண்டி குனிஞ்சுதானே நிக்குது. 100 மீட்டருக்கு 10 மீட்டர் எறங்குற ரோட்டுல 15 டொன் வண்டி, பாரத்தோட மையம் தரையில இருந்து ஒன்றரை மீட்டர் உயரம்னா, சும்மா ஒரே வேகத்துல எறங்கும்போதே அரை டொன்னுக்கு மேல பின்னுக்கு இருந்து முன்னுக்கு மாறிரும். அதுக்கு மேல மட்டமான ரோட்டுல பலமா பிரேக் பிடிச்சா கிட்டத்தட்ட 1.6 டொன் சாயும், எறக்கத்துல பிடிச்சா ரெண்டும் கூடும். மேல சொன்ன உர லொறியை நினைச்சுப் பாருங்க, 6.85ல நின்னது 9 டொன்னைத் தொடும், அதை ரெண்டே டயரும் ரெண்டு கிங்பின்னும் (முன் சில்லு திரும்புற முளை) தாங்கணும். கம்பெனிக்காரன் 6 டொன்னுன்னு அடிக்கும்போது இந்த சாய்வுக்கும் சேர்த்துத்தான் எக்ஸலை செஞ்சிருப்பான். நாம நிக்கும்போதே அதைத் தாண்டிட்டா, பலமா பிரேக் பிடிக்கிற நேரத்துக்குன்னு அவன் வச்ச இடத்தை நாம முன்கூட்டியே தின்னுட்டோம்.

எக்ஸோஸ்ட் பிரேக்கை விடாதீங்க, நல்ல பழக்கம், பிரேக் டிரம் சூடாகாது. ஆனா அது பின் சில்லைத்தான் பிடிக்கும். முன்னுக்கு ரொம்ப சாஞ்சு பின்னுக்கு லேசா இருக்கிற வண்டியில மழை நேரம் பின்பக்கம் வழுக்கும், அதையும் மனசுல வச்சுக்கங்க.

கேள்வி (வெலிமடை): முன் டயர் பக்கத்துல 146/143ன்னு போட்டிருக்கு. இது என்ன?

டயர் தாங்குற எடையோட குறியீடு. 146ன்னா டயர் தனியா நின்னா 3000 கிலோ, 143ன்னா ரெட்டையா நிக்கும்போது ஒவ்வொண்ணும் 2725 கிலோ. முன்னுக்கு தனி டயர்தானே, ரெண்டு சேர்ந்தா 6000 கிலோ. 10.00 ஆர் 20 அளவு, 16 பிளை (டயரோட பலத்தைச் சொல்ற எண்) டயர்ல பொதுவா இந்தக் குறியீடுதான் வரும், பழைய 16 டொன் வண்டிக்கு முன் எக்ஸல் 6 டொன்னுங்கிறதும் இதுவும் ஒத்துப் போறதைப் பாருங்க. சின்ன லொறியில வர்ற 7.50 ஆர் 16ல 122/118ன்னு இருந்தா தனியா 1500 கிலோ, ரெட்டையில 1320. இது எல்லாம் சரியான காத்து இருந்தாத்தான், காத்து குறைஞ்சா தாங்குறதும் குறையும். முன்னுக்கு ரீபில்ட் டயர் (தேஞ்ச டயர்ல புது ரப்பர் ஒட்டினது) போடாதீங்க, பின்னுக்கு ஒண்ணு வெடிச்சா பக்கத்துல இன்னொண்ணு இருக்கு, முன்னுக்கு வெடிச்சா ஸ்டீரிங்கே கையில நிக்காது.

கேள்வி (நாவலப்பிட்டி): முன்னுக்கு ரெண்டு ஸ்பிரிங் பட்டை கூடப் போட்டா கூட ஏத்தலாம்னு கராஜ்ல சொல்றாங்க. செய்யலாமா?

வேணாம். பட்டை போட்டா வண்டி குனியாது, அவ்வளவுதான். எக்ஸல் பீம், கிங்பின், ஹப் பெயாரிங், டயர், பிரேக் எல்லாம் பழையதுதானே, இதுல எது நலிஞ்சதோ அதுதான் உங்க வண்டியோட அளவு. முன்ன வண்டி குனியிறதைப் பாத்தாவது ஓவர்னு கண்ணுக்குத் தெரியும், பட்டை போட்ட பிறகு அதுவும் தெரியாது. உடைஞ்ச பட்டையை அதே அளவுக்கு மாத்துங்க, அது கட்டாயம்.

கேள்வி (தலவாக்கலை): கொழும்புல இருந்து கடை சாமான் ஏத்திட்டு வர்றோம். கினிகத்தேனை, ஹட்டன்ல பின்னுக்கு இருக்கிறதை இறக்கிட்டு தலவாக்கலை சாமான் முன்னுக்கு. பாரம் குறையக் குறைய ஸ்டீரிங் லேசாகணும்தானே, ஆனா கனமாகுது. ஏன் அப்படி?

உங்க கை சரியாத்தான் சொல்லுது! பின் எக்ஸலுக்கு அப்பால, வால் பக்கத்துல இருக்கிற சாமான் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இருக்கும், துலாக் கம்பு மாதிரி. அதை இறக்கினதும் முன்பக்கம் கீழ உக்காரும். பின் எக்ஸலுக்கு 1 மீட்டர் பின்னால இருந்த ஒன்றரை டொன்னை இறக்கினா, மொத்தம் ஒன்றரை டொன் குறையும், ஆனா முன் எக்ஸல்ல 350 கிலோ கூடும். காலையில கொழும்புல நிறுக்கும்போது முன்னுக்கு 5.8 இருந்திருந்தா ஹட்டன் தாண்டும்போது 6.15.

ரெண்டு எக்ஸலுக்கும் நடுவுல இருக்கிற சாமானை இறக்கினா முன்னும் பின்னும் ரெண்டும் குறையும், அதுல பயமில்ல. அதனால முதல் கடைக்கு வால் பக்கத்துல லேசான சாமான், பிஸ்கட், சோப் மாதிரி. அரிசி, மா, சீனி மூட்டை எல்லாம் நடுவுக்கு. ஹட்டன்ல இறக்கி முடிஞ்சதும் பத்து நிமிஷம் செலவழிச்சு முன் பலகையோட இருக்கிற கனத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக் கட்டுங்க. கிளீனர் பையன் முகம் சுளிப்பான், டீ வாங்கிக் குடுத்து செய்ய வைங்க.

கேள்வி (புஸ்ஸல்லாவை): தோட்ட பெக்டரிக்கு விறகு ஏத்துறோம். றம்பொடை ஏத்தத்துல முடக்கு திருப்பினா வண்டி நேரா போகப் பாக்குது.

இது முன் எக்ஸல் ஓவர் இல்ல, முன்னுக்குப் பத்தல. நீள விறகு பின் கதவுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், ஏத்தத்துல சாய்வும் பின்னுக்கு இழுக்கும், முன் டயர் ரோட்டைத் தடவிக்கிட்டுப் போகும். மொத்த எடையில அஞ்சுல ஒரு பங்குக்குக் கீழ முன்னுக்கு வர விடாதீங்க. பச்சை விறகு காஞ்சதை விட ரொம்பக் கனம், மழையில நனைஞ்சா இன்னும் கூடும், அதனால போன தடவை ஏத்தின உயரம் இந்தத் தடவைக்கு அளவு ஆகாது. விறகைக் குட்டையா வெட்டி அடுக்கச் சொல்லுங்க.

கேள்வி (பண்டாரவளை): கெபினுக்குப் பின்னால சின்ன கிரேன் பூட்டணும். கிரேன் ஒன்றரை டொன்.

முன் எக்ஸலுக்கு 80 சென்டிமீட்டர் பின்னால பூட்டினா 1.2 டொன் முன்னுக்குத்தான் போகும், சாமான் ஒண்ணும் ஏத்தாமலே. பூட்டுறதுக்கு முந்தி வெறும் வண்டியோட முன் எடையை நிறுத்துப் பாருங்க, மிச்சம் எவ்வளவுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சில வண்டிக்கு பின் கதவு பக்கம் பூட்டுறது நல்லது.

கேள்வி (பதுளை): மச்சான் அமெரிக்காவுல ட்ரக் ஓட்டுறான், அங்க முன்னுக்கு 12,000 பவுண்ட்தான் சட்டம்னு சொல்றான். இங்கேயும் அதுவா?

12,000 பவுண்ட்ன்னா ஏறக்குறைய 5,440 கிலோ. அது அங்க பெரும்பாலான பிரைம் மூவருக்கு (ட்ரெய்லரை இழுக்கிற வண்டி) முன் எக்ஸல் செஞ்ச அளவு. அந்த நாட்டு மத்திய சட்டத்துல தனி எக்ஸலுக்கு 20,000 பவுண்ட், ரெட்டை எக்ஸலுக்கு 34,000, மொத்தம் 80,000. ஆனா எக்ஸலும் டயரும் எதுக்கு செஞ்சதோ அதைத் தாண்டக் கூடாது, அதனாலதான் 12,000ங்கிறது பேச்சுல சட்டம் மாதிரி ஆயிருச்சு. அவங்களுக்கு ட்ரெய்லர் உக்காருற, அஞ்சாம் சில்லுன்னு சொல்ற தட்டை முன்னும் பின்னும் நகர்த்துற வசதி இருக்கு, முன்னுக்கு நகர்த்தினா முன் எக்ஸல்ல கூடும். நமக்கு இங்க உங்க வண்டியோட தகட்டுல முன் எக்ஸலுக்குன்னு தனியா அடிச்சிருக்கிற எண்தான் கணக்கு, கதவுத் தூண்லயோ கெபினுக்குள்ளயோ தேடுங்க.

கேள்வி (மஸ்கெலியா): எங்களுக்கு ரெண்டு லொறி, நான்தான் கணக்கு வழக்கு பாக்குறேன். ஏத்துற இடத்துல டிரைவர் சொன்னா யாரும் கேக்குறதில்ல. என்ன செய்யலாம்?

அக்கா, வாயால சொல்றதை விட்டுட்டு பெயிண்ட்ல எழுதுங்க. பொடியோட உள்பக்கம் ரெண்டு பக்கமும் நிலத்துல இருந்து மேல வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு, சாமானோட மையம் விழவேண்டிய இடத்துல. முதல் பதில்ல சொன்ன கணக்கை உங்க வண்டியோட அளவுக்குப் போட்டா அந்த இடம் வந்துரும், ரெண்டு வண்டியும் வேற வேற நீளம்னா கோடும் வேற வேற. கோட்டுக்கு முன்னால எத்தனை மூட்டையோ பின்னாலயும் அத்தனை, கோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் சமதூரத்துக்கு அடுக்கணும், எண்ணத் தெரிஞ்ச யாரும் பாத்துக்கலாம். கோடு போட்ட பிறகு முழுப் பாரத்தோட ஒரு தடவை முன்னும் பின்னும் தனித்தனியா நிறுத்து, அந்தச் சீட்டை டிரைவர் கையில குடுத்துருங்க, கெபின்ல புத்தகத்தோட வச்சிருக்கச் சொல்லுங்க. டயர் அளவோ ஸ்பிரிங்கோ மாத்தினா திரும்ப நிறுங்க.