ரெக்ஸ் தியேட்டரை இடித்திருக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர் சைனா டவுன் ஜாலான் சுல்தானில் பழைய ரெக்ஸ் தியேட்டரைப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மகன் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலப் படம் பார்க்கப் போன இடம். இப்போது உள்ளே காபிக்கடை, சாப்பாட்டுக் கடைகள், மாடியில் புத்தகக் கடை. ஆளாளுக்கு செல்பி எடுக்கிறார்கள். தினமும் படம் ஓடுகிற தியேட்டராக அது இல்லை. இதைப் போய் எல்லோரும் பாராட்டுகிறார்களே? பேருக்கு ஒரு தியேட்டரை வைத்திருப்பதற்கு இடித்தே போட்டிருக்கலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, செந்தூல்

பதில்: இல்லை அம்மா. உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் 'இடித்தே போட்டிருக்கலாம்' என்ற பேச்சை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கோலாலம்பூரில் ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்த உடனே அதன் அடியில் கிடக்கும் நிலத்துக்கு விலை போடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு நாமே அடியெடுத்துக் கொடுக்க வேண்டாம்.

ஓடியனை நினைத்துப் பாருங்கள். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் ஜாலான் டாங் வாங்கியும் சந்திக்கிற முனையில், 1936இல் ஆர்ட் டெக்கோ என்ற கட்டடக்கலைப் பாணியில் கட்டிய தியேட்டர். 2010களின் நடுவில் இடித்துத் தள்ளினார்கள். அதில் படம் பார்த்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளிடம் "இங்கேதான்" என்று கை காட்ட அங்கே ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. உங்களுக்கு ரெக்ஸ் மிஞ்சியிருக்கிறது. உள்ளே நடந்து பார்த்து, கோபப்படவும் முடிந்திருக்கிறது. அதற்கே அந்தக் கட்டடம் நிற்க வேண்டியிருந்தது.

சரி, கோபத்துக்கு வருவோம். நீங்கள் அப்பாவோடு போனது எந்த வருஷம் என்று எழுதவில்லை. 1972க்கு முன்பு என்றால், அந்த ரெக்ஸ் எப்போதோ போய்விட்டது. 1940களில் திறந்த முதல் ரெக்ஸ் 1972இல் தீப்பிடித்து எரிந்தது. நாம் இன்று பார்ப்பது 1976இல் மறுபடி எழுப்பியது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எரிந்துபோன தியேட்டர் இருந்த இடத்தில் அன்றைக்கும் கடைவரிசை கட்டியிருக்கலாம், ஓட்டல் கட்டியிருக்கலாம். மறுபடியும் தியேட்டரையே கட்டினார்கள். காரணம் எளிது: டிக்கெட் வாங்க ஜனம் வரிசையில் நின்றது. 2002இல் ரெக்ஸ் மூடியபோது அந்த வரிசை இல்லை. அப்புறம் கட்டடம் பயணிகள் தங்கும் விடுதியாக மாறியது, திரும்பவும் தீப்பிடித்தது, வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கடைசியாகக் கட்டடக் கலைஞர்கள் சிலர் கையில் எடுத்து இப்போதுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வந்து ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தவில்லை. படம் நின்று பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த வரிசை எங்கே போயிற்று? ரெக்ஸிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பெட்டாலிங் ஸ்ட்ரீட். 1990களின் கடைசியில் அங்கே திருட்டு விசிடி எப்படி விற்றது என்று நம் எல்லோருக்கும் தெரியும். படம் தியேட்டருக்கு வந்த வாரமே மேசையில் பரப்பி வைத்திருப்பார்கள். சில ரிங்கிட்டுக்கு முழுக் குடும்பமும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். மஸ்ஜித் இந்தியா பக்கம் தமிழ்ப் படத்துக்கும் அதே கதைதான். நம் வீட்டு அலமாரிகளில் அந்த விசிடிகள் அடுக்கடுக்காக இருந்தன. 1999இல் மிட்வேலி வணிக வளாகம் திறந்தது. கார் நிறுத்த இடம், குளிர்சாதனம், சாப்பாடு, ஒரே கூரையின் கீழ் பல அரங்குகள். இரண்டுக்கும் நடுவில் ஒற்றைத் திரை வைத்திருந்தவர்கள் நசுங்கினார்கள்.

ஒற்றைத் திரையின் கணக்கு ரொம்பக் கொடுமையானது. பல அரங்கு உள்ள இடத்தில் புதுப்படத்தைப் பெரிய அரங்கில் ஆரம்பித்து, கூட்டம் குறையக் குறையச் சின்ன அரங்குக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். ஒரு படம் கவிழ்ந்தாலும் பக்கத்து அரங்கில் ஓடும் படம் வாடகையைக் கொடுத்துவிடும். ஒற்றைத் திரைக்காரருக்கு அந்த வசதி இல்லை. வெள்ளிக்கிழமை போட்ட படம் சனிக்கிழமையே படுத்துவிட்டால், நூற்றுக்கணக்கான நாற்காலிகளைக் காலியாக வைத்துக்கொண்டு வாரம் முழுக்க மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு மேல் டிஜிட்டல் மாற்றம் வந்தது. ஃபிலிம் சுருள் போய், புரொஜெக்டரையே புதிதாக வாங்க வேண்டிய நிலைமை. ரெக்ஸை எடுத்தவர்கள் அதை முழுநேரத் தியேட்டராகத் திறந்திருந்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடித்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தியேட்டர் கட்டடத்தை வேறெதற்கும் மாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஜன்னல் கிடையாது, தரை சரிவாகவோ படிபடியாகவோ இருக்கும், நடுவில் தூண் இருக்காது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் வியாபாரிக்குச் சுலபம். மாடியில் புத்தகக் கடைக்குள் போனீர்களே, கால் வைக்கும் இடம் மேலும் கீழுமாக ஏறி இறங்குவதைக் கவனித்தீர்களா? நாற்காலி வரிசைகள் இருந்த படிகளை மட்டமாக்கிவிடாமல், அவற்றின்மேலேயே அலமாரிகளை வைத்திருக்கிறார்கள். செலவு குறைக்கிறவர் செய்கிற வேலை இல்லை அது. அந்த அரங்கின் மேல் மரியாதை உள்ளவர் செய்கிற வேலை. அதற்காக நான் அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

இனி கொலீசியம். இதைச் சொல்லத்தான் உங்கள் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், 1920களின் தொடக்கத்தில் சுவா செங் போக் என்ற தொழிலதிபர் கட்டியது. நம் பெற்றோரும் நாமும் தமிழ்ப் படம், இந்திப் படம் பார்த்த தியேட்டர். 2006இல் அரசு அதை எடுத்துக் கலை, பாரம்பரிய மையமாக்கப் போவதாக அறிவித்தது. உரிமையாளர் குடும்பம் எதிர்த்தது. மக்களும் பேசினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். தியேட்டர் தியேட்டராகவே நீடித்தது. அதே 2006 டிசம்பரில், அதே சுவா செங் போக் ஜாலான் அம்பாங்கில் கட்டிய மாளிகையான போக் ஹவுஸ் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அதைக் காப்பாற்றவும் குரல் எழுந்தது, பலிக்கவில்லை. ஒரே மனிதர் கட்டிய இரண்டு கட்டடங்கள், ஒரே வருஷம். மாளிகையைப் பெரும்பாலான ஜனங்கள் வெளியே நின்றுதான் பார்த்தார்கள். கொலீசியத்துக்குள் வாராவாரம் போய்வந்தார்கள். ஒன்று பிழைத்து மற்றது போனதில் இந்த வித்தியாசத்துக்குப் பங்கே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரெக்ஸ் மூடுவதற்கு முந்தைய பத்து வருஷத்தில் எத்தனை முறை அங்கே டிக்கெட் வாங்கினீர்கள்? உங்கள் கடிதத்தில் சின்ன வயது இருக்கிறது, இப்போது போய்வந்தது இருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். தியேட்டரின்மேல் பாசம் உண்டு, போக நேரம் இல்லை. பெரிய நட்சத்திரத்தின் படம் வரும்போது விடிகாலைக் காட்சிக்குப் பட்டாளமாகப் போகிறோம். சுமாரான படத்துக்கு, செவ்வாய்க்கிழமை இரவுக் காட்சிக்குப் போகிறவர்கள்தான் ஒரு தியேட்டரை நடத்துகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தியேட்டர் என்றால் என்ன என்று காட்ட விரும்பினால், தமிழ்ப் படம் போடுகிற ஏதாவது ஒரு சின்ன அரங்குக்கு விடுமுறை இல்லாத நாளில் கூட்டிப் போங்கள். மலாய் சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே பக்கத்து இருக்கையில் ஒரு மலாய்க் குடும்பம் நம் படத்துக்குச் சிரிப்பதையும் அவர்கள் பார்க்கட்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வருத்தம் முழுக்க நியாயம். கட்டடம் மிஞ்சினால் மட்டும் தியேட்டர் மிஞ்சியதாகாது. இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதின்மூன்றாயிரம் அடிக்கு மேல் ஃபிலிம். இரண்டாயிரம் அடிச் சுருளாக ஏழு சுருள். ஒரு சுருள் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். ஆபரேட்டர் அதைப் பார்த்து இரண்டாவது புரொஜெக்டரை ஓட விடுவார், அடுத்த புள்ளிக்கு ஒளியை மாற்றுவார். கீழே இருக்கிற நமக்கு ஒன்றும் தெரியாது. அவர் கண்ணசந்தால் அரங்கம் முழுக்க விசில் பறக்கும். அந்த அறையில் வேலை செய்தவர்கள், கதவில் டிக்கெட் கிழித்தவர்கள், வாசலில் பழைய தாளைச் சுருட்டிக் கச்சாங் பூத்தே என்ற கடலைத் தீனி கொடுத்த நம் ஆட்கள், எஸ்டேட் லாரியில் டவுனுக்கு வந்து படம் பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் – இவர்களைப் பற்றி நாம் எழுதி வைத்தது மிகக் குறைவு. சுவரை யாராவது பணம் போட்டுச் சரிசெய்துவிடலாம். இந்த மனிதர்களின் அனுபவத்தை நாம்தான் எழுத முடியும், அதையும் அவர்கள் இருக்கும்போதே எழுத வேண்டும்.

எனவே அடுத்த கடிதத்தில் ரெக்ஸைத் திட்டாமல், நீங்கள் பார்த்ததை எழுதுங்கள் அம்மா. அப்பா எந்த வகுப்பு டிக்கெட் வாங்குவார், செந்தூலிலிருந்து எப்படிப் போனீர்கள், இடைவேளையில் என்ன சாப்பிட்டீர்கள், எல்லாம். மற்ற வாசகர்களும் எழுதலாம்: உங்கள் வட்டாரத்துத் தியேட்டரின் பெயர், அது இருந்த தெரு, அதில் வேலை செய்த யாரையாவது தெரியுமா என்ற விவரம். பினாங்கு, ஈப்போ, கிள்ளான் வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வருகிற கடிதங்களை இந்தப் பக்கத்திலேயே தொடர்ந்து வெளியிடுகிறோம்.